'ஒன்றுமில்லை' என்று எழுதிய சிப்பி

ஆவாரங்குளத்துச் சேற்றில் கருவேணி என்றொரு விலாங்கு வாழ்ந்தது. பின்னிவிட்ட சடை போல நீளமாகவும் கறுப்பாகவும் இருந்ததால் அந்தப் பெயர். மீன்கள் அதைப் பாம்பு என்று நினைத்து ஒதுங்கும். பாம்புகள் அதை மீன் என்று நினைத்துத் துரத்தும். கருவேணியோ தன்னைக் குளத்துக்காரி என்றுதான் நினைத்திருந்தது. விரல் நீளத்தில், கண்ணாடி மாதிரி உடம்போடு, ஓடை வழியாக வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இந்தச் சேறுதான் வீடு.

மழைக்கு முன்னால் எல்லா உயிர்களும் சேர்ந்து குளத்தைத் தூர்வார வேண்டும். அது குளத்துச் சட்டம். ஒரு வருஷம்கூடக் கருவேணி அதற்கு மட்டம் போட்டதில்லை.

கரையில் கொடுக்கப்பன் என்ற நண்டு இருந்தது. குளமே அதை அண்ணாச்சி என்று கூப்பிடும். அதன் வளை அவ்வளவு ஆழம்! கோடையிலும் அடியில் ஈரம் காயாது. மழைக்காலத்தில் நத்தையோ புழுவோ அண்ணாச்சியிடம் கொடுத்துவைத்தால், சித்திரையில் குளம் வற்றும்போது தீனியும் கிடைக்கும், படுத்துக்கொள்ள ஈரமான ஓர் அறையும் கிடைக்கும். வளையில் இடம் இல்லாதவர்களின் கதி? கருவாடுதான்!

கருவேணி அங்கே நாற்பது நத்தை கொடுத்துவைத்திருந்தது. அது போக, தவளைச் சங்கத்தின் பொதுப் புழுக்குழிக்கும் கருவேணிதான் காவல்; குழியின் மூடியும் அதன் பொறுப்பில்தான். "உடம்புதான் வழுக்கும், வாக்கு வழுக்காது!" என்று தவளைகள் பெருமையாகச் சொல்லும்.

தை மாதம் ஒரு காலையில், கடற்கரையிலிருந்து ஓர் உள்ளான் பறந்து வந்து சேற்றில் இறங்கியது. நீண்ட மூக்கு, குச்சிக் கால்கள், கழுத்தில் ஒரு காலிச் சிப்பி. அதிகாரி என்றால் அப்படி ஓர் அதிகாரி.

"உப்பு நீரில் பிறந்த கருவேணி யாரு?"

"கருவேணி நான்தான். ஆனா உப்பு நீர்ல நான் எங்கே பிறந்தேன்?"

"விலாங்குங்க எல்லாம் கடல்லதான் பிறக்கும். நீயும் அங்கதான் பிறந்தே. நினைவு இருக்கோ இல்லையோ, நீ கடலரசி திமிங்கிலத்தோட குடி!"

கடலைக் கருவேணி பார்த்ததே இல்லை. ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரியாதாம். அவ்வளவு பெரிய தண்ணீராம். அவ்வளவு பெரிய தண்ணீருக்கு, சேற்றுக்குள் கிடக்கிற ஒரு விலாங்கின் பெயர் தெரிந்திருக்கிறது!

"அம்மாடி! கடல் என்னை ஞாபகம் வச்சிருக்கா!" என்றது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"வச்சிருக்கு, வச்சிருக்கு. இந்தா சிப்பி. இதுல எழுது. எந்தெந்த வளையில உனக்கு இடம் இருக்கு? எத்தனை நத்தை வச்சிருக்கே? இன்னைக்கு இருக்கிறது வேணாம். வருஷத்திலேயே என்னைக்கு அதிகமா இருந்துச்சோ, அந்த எண்ணிக்கை வேணும்."

"எழுதினா, கடலுக்கு நான் என்ன கொடுக்கணும்?"

உள்ளான் கால் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தது. "நீ குளத்துக்குத் தூர்வாரியிருக்கே. கடலுக்குக் கொடுக்க வேண்டியதுல அதைக் கழிச்சா... ஒண்ணுமில்லை!"

"ஒண்ணுமில்லைன்னா எதுக்கு எழுதணும்?"

"ஒண்ணுமில்லைன்னு எழுதணும். வருஷா வருஷம் எழுதணும். எழுதலைன்னா அபராதம்!"

"ஒண்ணுமில்லைக்கு அபராதமா?"

"அதுதான் சட்டம்! அப்புறம், அந்தத் தவளைங்க குழியையும் எழுது. மூடி உன் கையில இருக்குல்ல?"

"ஐயா, அது அவங்க புழு! நான் ஒண்ணைக்கூடத் தொட்டதில்லை!"

"மூடியைத் தொடுறியா இல்லையா? எழுது!"

கருவேணி எழுதியது. எல்லாவற்றையும் எழுதி, கடைசியில் 'கொடுக்க வேண்டியது: ஒன்றுமில்லை' என்று பல்லால் கீறிக் கொடுத்தது. தொல்லை விட்டது என்று நினைத்தது. தொல்லை அப்போதுதான் தொடங்கியது.

மறுநாள் தவளைகள் கொதித்துப் போய் வந்தன. "எங்க புழுவை ஏன் கடலுக்குச் சொன்னே? யாரைக் கேட்டுச் சொன்னே?" என்று கத்தின. கருவேணி பதில் சொல்வதற்குள் மூடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டன.

அதற்கு அடுத்த நாள் கொடுக்கப்ப அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பியது. வளை வாசலில் நாற்பது நத்தையும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

"உன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லைம்மா. ஆனா உள்ளான் எனக்கும் ஓலை கொண்டு வந்துட்டாரு. கடல்ல பிறந்தவங்களுக்கு இடம் கொடுத்தா, வளையைத் திறந்து ஒவ்வொரு அறையா நான் காட்டணுமாம். காட்டலைன்னா, முகத்துவாரத்துல மேயுற என் சொந்தக்காரங்க இரையில பத்துக்கு மூணைப் பிடிச்சுக்குவாங்களாம். ஒரு விலாங்குக்காக இத்தனையும் என்னால தாங்க முடியாது. நத்தையை எடுத்துக்கோ."

"அண்ணாச்சி! ஆறு வருஷமா உங்க வளையிலதானே கோடையைக் கழிச்சேன்! இப்போ நான் எங்கே போவேன்?"

அண்ணாச்சியின் கண்கள் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன. அதற்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாசலை மண்ணால் அடைத்துவிட்டது.

கருவேணி குளத்தைச் சுற்றி ஏழு நண்டுகளின் வாசலில் போய் நின்றது. "எங்கே பிறந்தே?" என்பதுதான் எல்லா இடத்திலும் முதல் கேள்வி. "கடல்ல" என்றதும் கதவு மூடிக்கொள்ளும்.

ஒரு தண்ணீர்ப் பாம்பு இதைப் பார்த்துச் சிரித்தது. "அட அசடே! நான் பாம்புன்னு சொல்லிடேன். எங்க ஆளுங்க எல்லாம் வரப்புலதான் பிறக்கிறோம். உன்னைப் பார்த்தா யாருக்கு வித்தியாசம் தெரியும்?"

எட்டாவது வாசலில் கருவேணி தலையைத் தூக்கிக்கொண்டு, "நான் பாம்பு!" என்றது.

"அப்படியா? நாக்கை நீட்டு பார்ப்போம்!" என்றது நண்டு.

கருவேணி எவ்வளவு முயன்றும் நாக்கு வெளியே வரவில்லை. நண்டின் குஞ்சுகள் விழுந்து விழுந்து சிரித்தன. கருவேணி அவமானத்தோடு சேற்றுக்குத் திரும்பியது. பொய் சொன்ன வாயை அன்று முழுவதும் அது திறக்கவில்லை.

உள்ளான் இன்னும் குளத்தை விட்டுப் போகவில்லை. கருவேணி அதனிடமே போய்க் கேட்டது: "இதுல இருந்து தப்பிக்க வழியே இல்லையா?"

"ஒரே வழிதான். கடலரசி முன்னால நின்னு, 'நான் உன் குடி இல்லை'ன்னு சொல்லணும். சொல்லிட்டா சிப்பியும் இல்லை, பட்டியலும் இல்லை. எந்த நண்டும் உன்னைச் சேர்த்துக்கும்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். ஆனா அப்புறம் எந்த அலையும் உன்னை உள்ளே விடாது. விலாங்கு முட்டை கடல்லதான் பொரிக்கும். உனக்கு முட்டையிடுற காலம் வந்தா எங்கே போவே? அதை யோசிச்சுக்கோ."

கருவேணி யோசித்தது. இந்தப் பக்கம் சித்திரை வெயில். அந்தப் பக்கம், இன்னும் பிறக்காத பிள்ளைகள். முதலில் இந்தக் கோடையைத் தாண்டினால்தானே பிள்ளைகள்? ஓடையில் கடைசித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோதே அது புறப்பட்டுவிட்டது. உள்ளான் மேலே பறந்து வழி காட்டியது.

ஓடை ஆற்றில் சேர்ந்தது. ஆறு முகத்துவாரத்தில் விரிந்தது. பிறகு கரை என்று ஒன்று இல்லாமலே போய்விட்டது.

கருவேணி அப்படியே நின்றுவிட்டது. மேலே பார்த்தது, தண்ணீர். கீழே பார்த்தது, தண்ணீர். தான் ஆறு வருஷம் தூர்வாரிய குளம் இதன் ஓர் அலைக்குக் காணாது! பயம் வரும் என்று நினைத்திருந்தது, வந்தது அழுகை. உப்பு நாக்கில் பட்டதும், யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

ஆழத்தில் இரண்டு மலைகள் தெரிந்தன. ஒரு மலை மூச்சு விட்டது. அதுதான் கடலரசி! அந்த மூச்சில் சுற்றிலும் இருந்த மீன் கூட்டமெல்லாம் போய்த் திரும்பி வந்தது.

"மகாராணி! ஆவாரங்குளத்துல இருந்து கருவேணி வந்திருக்கேன்!"

"யாரது? குரல் வருது, ஆளைக் காணோமே!" என்றது திமிங்கிலம். கடலே பேசுவது போல இருந்தது.

"உங்க கண்ணுக்கு நேரா நிக்கிறேன் தாயே!"

திமிங்கிலம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தது. "தெரியலையே அம்மா. எனக்கு இவ்வளவு சின்னது எதுவும் தெரியாது."

கருவேணிக்குப் பிரமிப்பு போகவில்லை. ஆனால் அதையும் மீறி வாய் பேசிவிட்டது. "கண்ணெதிரே நிக்கிற என்னைத் தெரியலை. ஆனா எங்கேயோ ஒரு வளையில நான் எத்தனை நத்தை வச்சிருக்கேன்னு மட்டும் உங்களுக்குத் தெரியணுமா தாயே?"

உள்ளான் பதறிப் போய் அலை மேல் குதித்தது. திமிங்கிலம் கோபப்படவில்லை. யோசித்தது.

"ஒரு சுறா இருந்தான். என் தண்ணியில வேட்டையாடிட்டு, அதை எல்லாம் ஆத்துக்குள்ள கொண்டு போய் ஒளிச்சு வச்சான். அவனைப் பிடிக்கத்தான் அந்தச் சட்டம் போட்டேன். ஏன் உள்ளானே, அவனைப் பிடிச்சாச்சா?"

"அவருக்குப் பட்டியல் எழுத முந்நூறு உள்ளான் வேலை பார்க்குது, மகாராணி. அவர் சிப்பியில ஒரு குத்தமும் கண்டுபிடிக்க முடியலை."

"அப்போ அந்தப் பக்கம் இருக்கிற மலை என்ன?" என்று கேட்டது கருவேணி.

"அது மலை இல்லை. உன்னை மாதிரி வெளியில வாழுறவங்க அனுப்பின சிப்பி."

கருவேணி அண்ணாந்து பார்த்தது. சிப்பி மேல் சிப்பி, உச்சியே தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் கீறல், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். இத்தனை பேரா! இத்தனை குளமா!

"இதை எல்லாம் யாரு படிக்கிறாங்க?"

"ஆமா, யாரு படிக்கிறாங்க?" என்று திமிங்கிலமும் கேட்டது.

உள்ளான் தன் கால்களையே பார்த்தது. "யாரும் படிக்கிறதில்லை, மகாராணி. வந்துச்சா வரலையான்னு மட்டும் எண்ணுவோம்."

பிறகு திமிங்கிலம் சொன்னது: "பெண்ணே, ஒண்ணை எடுத்துப் படி."

கருவேணி மலையின் அடியிலிருந்து ஒரு சிப்பியை வாயால் இழுத்தது. அதுவும் ஒரு விலாங்கின் பல் கீறல்தான். உரக்கப் படித்தது.

"'கரடிக்குட்டை, முத்துவேணி எழுதுவது. பத்து நத்தை வைத்திருந்தேன். வளைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது என்னிடம் ஒன்றுமில்லை. கொடுக்க வேண்டியதும் ஒன்றுமில்லை. குட்டையில் தண்ணீர் ஒரு சாண்தான் இருக்கிறது. கோடையில் நான் காய்ந்து போனால் அடுத்த வருஷத்துச் சிப்பி வராது. அதற்காகக் கடலம்மா என்னை மன்னிக்க வேண்டும்.'"

"அடுத்த வருஷம் சிப்பி வந்துச்சா?" திமிங்கிலத்தின் குரல் இறங்கியிருந்தது.

"வரலை, மகாராணி."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அபராதம் போட்டோம்."

திமிங்கிலம் ஒரு பெருமூச்சு விட்டது. அது நீர்த்தூணாக மேலே எழுந்து வானத்தைத் தொட்டது. அன்று கரையில் நின்றவர்கள் எல்லாம் வெயிலில் மழை பெய்கிறது என்று அண்ணாந்து பார்த்தார்கள். கடலரசி அழுததை அவர்கள் அறியவில்லை.

"உள்ளானே, கேட்டுக்கோ. என் தண்ணியில வாழுறவங்ககிட்ட மட்டும் இனிமே பட்டியல் கேளு. வெளியில இருக்கிற என் பிள்ளைங்ககிட்ட ஒரே கேள்விதான் கேக்கணும்: 'தண்ணி இருக்கா?' அவங்களுக்கு இடம் கொடுக்கிற நண்டுங்களை யாரும் மிரட்டக் கூடாது. இன்னைக்கே பறந்து போய்ச் சொல்லு!"

உள்ளான் பறந்தது.

"பெண்ணே, என் குடி இல்லைன்னு சொல்லத்தானே வந்தே?"

"அப்படித்தான் தாயே புறப்பட்டேன். உப்பு நாக்குல பட்டதும் சொல்ல வாய் வரலை" என்றது கருவேணி.

"சொல்ல வேணாம். போயிட்டு வா. உன் காலம் வரும்போது, அலைக் கதவு திறந்திருக்கும்."

கருவேணி முத்துவேணியின் சிப்பியை மலை மேல் போடவில்லை. கடலரசியின் கண்ணருகில் மணலில் மெதுவாக வைத்துவிட்டுத் திரும்பியது.

வரும் வழியில் ஓடை பாதி வற்றிவிட்டது. கருவேணி ஈரப் புல்லில் ஊர்ந்தது, புல் காய்ந்த இடத்தில் உருண்டது. தோல் உரிய, மூச்சு வாங்க, ஆவாரங்குளத்துக் கரைக்கு வந்து சேர்ந்தது. குளத்தில் சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது.

கொடுக்கப்ப அண்ணாச்சி வாசல் மண்ணைத் தள்ளிவிட்டு வெளியே நின்றது. தவளைகளும் அங்கேதான் நின்றன. யாருக்கும் கருவேணியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"உள்ளான் வந்து சொன்னாரு" என்றது அண்ணாச்சி. "அவர் சொல்றதுக்கு முன்னாலயே நான் திறந்திருக்கணும். திறக்கலை. உள்ளே வாம்மா, வெயில் ஏறுது."

கருவேணி ஈரம் காயாத அந்த அறைக்குள் இறங்கிச் சுருண்டு படுத்தது. கரடிக்குட்டை முத்துவேணியை நினைத்து வெகுநேரம் அழுதது.

கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வாழ்பவர்களுக்குச் சட்டம் போடுகிறவர்கள், அவர்கள் எழுதி அனுப்புவதை எண்ணினால் மட்டும் போதாது, படிக்கவும் வேண்டும்.