மேகத்துக்குள் இரண்டு பேர்

“அவன் ஏன் வாயைத் திறக்கலை, மேடம்?”

திரவியம் பயிற்சிப் பள்ளி அறையின் வாசலிலேயே நின்று கேட்டான். மழையில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. உட்காரச் சொன்னது அவன் காதில் விழவில்லை.

சொர்ணவல்லி மேடம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். திரவியமும் அன்வர்தீனும் அவரிடம்தான் சேர்ந்து படித்தார்கள். பிறகு இருவரும் துணை விமானிகளாக வேலைக்குப் போனார்கள். ஒரே அறையில் தங்கி, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

போன வாரம் அன்வர்தீன் செத்துப்போனான். அவனுடைய கைலி இன்னும் அறைக் கொடியில் கிடக்கிறது. அதை எடுத்து மடிக்கத் திரவியத்துக்குக் கை வரவில்லை.

மலையடிவாரத்து ஊர் ஒன்றிலிருந்து நோயாளியை ஏற்றிவரப் போன சின்ன விமானம் அது. ஓட்டியவர் கேப்டன் நாச்சியப்பன். தலை நரைத்தவர், பெயர் பெற்றவர். பக்கத்து இருக்கையில் அன்வர்தீன். கீழே ஆம்புலன்ஸில் நோயாளி காத்துக்கொண்டிருந்தார். மேலே ஒரே மேகம்.

கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது கருவிகளைப் பார்த்தே இறங்குவார்கள். அதற்கும் ஓர் எல்லை உண்டு. குறித்த உயரத்துக்கு வந்தும் ஓடுபாதை கண்ணில் படவில்லையென்றால், யோசிக்காமல் மேலே ஏறிவிட வேண்டும்.

அவர்கள் ஏறவில்லை. மலைச்சரிவில் மோதினார்கள். இருவரும் பிழைக்கவில்லை.

விமானத்தில் பதிவான பேச்சைக் கேட்டு, எது அன்வர்தீன் குரல் என்று அடையாளம் சொல்ல விபத்தை விசாரிப்பவர்கள் அன்று காலை திரவியத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கிருந்து நேராக வந்திருந்தான்.

உயரத்தைப் படித்துக்கொண்டே வந்தது அன்வர்தீன் குரல்தான் என்றான். எல்லை வந்தது. இன்னும் கொஞ்சம், தெரிந்துவிடும் என்றாராம் கேப்டன். அதற்குப் பிறகு இன்ஜின் சத்தம் மட்டும். அன்வர்தீன் மூச்சு விடுவதுகூடக் கேட்டதாம். பேச்சு இல்லை.

“அவங்க உம்மா போன் பண்ணிக் கேக்குறாங்க மேடம், எம் புள்ள கடைசியா என்ன சொன்னான்னு. நான் என்னத்தைச் சொல்றது?”

மேடம் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை.

“‘மேலே போங்க’ன்னு ஒரு வார்த்தை. அது போதும். கீழே போறது அவனுக்கும் தெரியும். நானா இருந்தா கத்தியிருப்பேன்.”

மேடம் மேசையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். அவன் பின்னாலேயே போனான்.

பயிற்சிக் கூடத்தின் கோடியில் சிமுலேட்டர் இருந்தது. தரையை விட்டு எழும்பாத விமானம். உள்ளே இருக்கைகளும் கருவிகளும் அசலைப் போலவே இருக்கும். கண்ணாடிக்கு வெளியே திரை.

மேடம் கேப்டன் இருக்கையில் உட்கார்ந்தார். அவனுக்குப் பக்கத்து இருக்கையைக் காட்டினார்.

திரை வெளுத்தது. எங்கும் மேகம். விமானம் இறங்க ஆரம்பித்தது.

திரவியம் பழக்கத்தில் உயரத்தைப் படித்தான். உயரம் காட்டும் முள் சரிந்துகொண்டே வந்தது. எல்லை வந்தது. அதையும் சொன்னான்.

ஓடுபாதை தெரியவில்லை.

மேடத்தின் கை அசையவில்லை. விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது.

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். பதற்றமே இல்லாத முகம். மேடத்துக்குத் தெரியாததா, எதையோ மனதில் வைத்துத்தான் செய்கிறார் என்று நினைத்தான். மறுபடி முள்ளைப் பார்த்தான். சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்றும் தோன்றியது.

வெள்ளைக்குள்ளிருந்து திடீரென்று பச்சை வந்தது. மரங்கள். பாறை.

திரை அணைந்தது.

இருட்டில் அவன் இருக்கையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தான். வெறும் திரைதான் என்று தெரிந்தும் விடவில்லை.

மேடம் திரும்பாமலே கேட்டார்.

“ஏன் சொல்லலை?”

திரவியம் பிடியை விட்டான்.

“நீங்க ஓட்டிட்டு இருந்தீங்க, மேடம்.”