சுடுதண்ணி சொன்ன சாட்சி

தண்ணீர் கேன் சுமப்பவரை யார் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்? "தண்ணி!" என்று ஒரு குரல், அவ்வளவுதான். கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் மொபெட்டின் இருபுறமும் கேன்களைக் கட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கிய நாச்சிமுத்துவையும் அப்படித்தான் அழைத்தார்கள். வேர்த்து நிற்பவருக்குச் சில வீடுகளில் காபி நீட்டுவார்கள். "வேண்டாமுங்க, எங்க சபையில காபி, டீ குடிக்கறதில்லீங்க" என்பார். "காபி வேண்டாங்கற சாமியா? நம்மூருக்குத் தோதுப்படாதே!" என்று சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த மாடி ஏறுவார்.

ஊரார் மார்மன் சபை என்று சொல்லும் சபையைச் சேர்ந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை கேன் தூக்க மாட்டார். அன்று சபையில், திராட்சரசத்துக்குப் பதிலாக அவர்கள் தரும் திருவிருந்துத் தண்ணீரைச் சின்னஞ்சிறு கோப்பைகளில் வரிசை வரிசையாக நீட்டுவது அவர் ஊழியம்.

இன்னொரு ஊழியமும் அவருக்கு உண்டு. விடிவதற்கு முன் எழுந்து, ஜெபம் செய்துவிட்டு, 'தண்ணிக்காரன் பக்கம்' என்னும் தம் வலைப்பூவில் கைபேசியிலேயே எழுதுவார். டயர் வெடித்தது, மழையில் படி வழுக்கியது, எரிச்சலில் ஒரு வீட்டாரைத் திட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டது, எல்லாம் அதில் வரும். காய்ச்சலில் போய்விட்ட மனைவி மயிலாத்தாளும் வருவாள். ஆலயத்தில் முத்திரிக்கப்பட்ட கணவன் மனைவியைச் சாவும் பிரிக்காது என்பது அவர் சபையின் நம்பிக்கை. அந்த ஆலயமோ கடல் தாண்டி இருந்தது. என்றைக்காவது அங்கே போய், இறந்தவளுக்குப் பதிலாக ஒரு சகோதரி நிற்க, மயிலாத்தாளோடு என்றென்றைக்குமாகச் சேர்ந்துவிட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

இதைப் படித்தவர்கள் யார் என்கிறீர்களா? சபையார் சிலர். அவர்களை விட்டால், 'சுடுதண்ணி' என்று பெயர் வைத்துக்கொண்ட ஓர் ஆசாமி. பதிவு வந்த சூட்டோடு அவருடைய கேலியும் வந்து விழும். "எதிர்த்த மாவு மில் சத்தமும் உன் உபதேசமும் ஒண்ணு. ரெண்டும் காதைக் கிழிக்குது." "என் மாடிப் புறாவுக்கு உன்னைவிட விவரம் ஜாஸ்தி." மயிலாத்தாளைப் பற்றி எழுதியபோது, "செத்தவ வர்றதுக்கு பஸ் விடறாங்களா?" என்று கேட்டார். அடப்பாவி! யாரிடம் என்ன கேட்கிறோம் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டாமா? நாச்சிமுத்து அன்று வெகுநேரம் அழுதார். பிறகு, "படித்ததற்கு நன்றிங்க ஐயா" என்று பதில் போட்டார். தம் ஜெபத்தில் சுடுதண்ணியின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

காலம் கனிந்தது. சபையார் சிலர் ஆலயத்துக்குப் புறப்பட ஏற்பாடாயிற்று. போகிறவர்களைத் தனித்தனியே கண்டு பேசி அனுமதிச் சீட்டு எழுதித்தர, வெளியூரிலிருந்து தலைவர் ஸ்டீபன் ராஜரத்தினம் வருவதாக இருந்தது. ஞாயிறு காலை வருவார், மதியம் கிளம்பிவிடுவார். அவரைக் காணத் தவறினால் இந்தப் பயணம் இல்லை.

அந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாச நாள். பச்சைத் தண்ணீரும் பல்லில் படாத நாள் அது. அன்றைய கூட்டத்தில் மனதில் பட்டவர் எழுந்து நின்று தாம் கண்டதைச் சாட்சியாகச் சொல்வார்கள். நாச்சிமுத்து வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது கைபேசியைப் பார்த்தார். மூன்று நாளாகச் சுடுதண்ணியின் சத்தமே இல்லை. கேலி இல்லையென்றால் நிம்மதிதானே? அவரோ நின்றபடியே பழைய கேலிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்தார்.

மாவு மில், அதற்கு எதிரே புறாக்கூண்டு வைத்த மாடி. கேனோடு போகும்போது அந்த மாடியை அவர் பார்த்திருக்கிறார். சபைக்குத் திரும்பும் முக்கில் மொபெட்டை நிறுத்தினார். 'மயிலா, கொஞ்சம் பொறுத்துக்க' என்று முணுமுணுத்துவிட்டு வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பினார்.

மில் பூட்டிக் கிடந்தது. தெருவில் ஆளரவம் இல்லை. கூண்டுக்குள் புறாக்கள் பசியில் சிறகடித்தன. மாடியேறிக் கதவைத் தட்டினார், பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டபோது உள்ளே ஏதோ ஒன்று தரையில் மெல்லத் தட்டும் ஓசை வந்தது.

கீழ்வீட்டு அம்மாள் ஓடிவந்தார். "தெய்வசிகாமணி ஐயா தனியாத்தான் இருக்காருங்க. பொண்ணு வெளிநாட்டுல. யாரோடயும் பேசமாட்டாரு, ஊருக்குப் போயிட்டாருன்னு நெனச்சேனுங்க!"

நாச்சிமுத்து தோளால் மோதினார். கேன் சுமந்த தோள் சும்மாவா? மூன்றாம் மோதலில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. குளியலறை வாசலில் இடுப்பு முறிந்து கிடந்தார் முதியவர். உதடு வெடித்திருந்தது. கையில் பித்தளைச் சொம்பு, அதனால்தான் தட்டியிருக்கிறார். நாவறண்டு நின்ற நாச்சிமுத்து, அங்கிருந்த பாட்டிலின் மூடியில் தண்ணீர் ஊற்றிச் சொட்டுச் சொட்டாக அவர் வாயில் விட்டார். அன்றைய திருவிருந்துத் தண்ணீரை அவர் அங்கேதான் நீட்டினார்.

ஆம்புலன்ஸில் முதியவர் கையை விடவில்லை. "யாருப்பா நீ?"

"தண்ணிக்காரனுங்க. மூணு நாளா நீங்க என்னைத் திட்டலீங்களே, அதான் வந்தேன்."

முதியவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் நீர் வழிந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் கைபேசி அடித்தது. சபைச் செயலர் ஜெயசீலன். "எங்கீங்ணா இருக்கீங்க? தலைவர் கிளம்பப்போறாரு. உடனே வாங்க!" அதே நேரத்தில் நர்ஸ் குரல் கொடுத்தார். "இவருகூட யாரு? ஆள் இல்லாம ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டாங்க."

ஐயோ, அந்த ஒரு நிமிஷம்! ஒரு பக்கம் மயிலாத்தாள், மறு பக்கம் அவளை ஏளனம் செய்த வாய். "ஜெயசீலா, சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியில ஒரு பெரியவர்கூட இருக்கேன். என்னால வரமுடியாது, மன்னிச்சுக்கச் சொல்லு" என்று போனை வைத்தார் நாச்சிமுத்து.

"கூட நான்தானுங்க" என்றார் நர்ஸிடம்.

ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதார். அழுதாரே தவிர, பிடித்த கையை விடவில்லை.

அப்போதுதான் பெட்டியும் கையுமாக ஒருவர் அந்த வராந்தாவில் நுழைந்தார். ஜெயசீலனிடம் விசாரித்துக்கொண்டு, ரயிலை விட்டுவிட்டு வந்த ராஜரத்தினம். பெஞ்சில் அமர்ந்து, "சகோதரரே, இங்கேயே பேசலாமா?" என்றார்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது. "இன்னைக்கு உங்க ஆளுக சாட்சி சொல்ற நாளாமே? இவன் எழுதித்தான் எனக்குத் தெரியும். நானும் சொல்றேன், கேட்டுக்கங்க. இவன் சாமி இருக்குதா இல்லையா, எனக்குத் தெரியாது. இவன் எழுதறது அத்தனையும் நெசம். அதுக்கு நான் சாட்சி."

ராஜரத்தினம் எழுந்து தலை குனிந்து நின்றார். கேட்க வேண்டியதைக் கேட்டு, சீட்டில் கையெழுத்திட்டார்.

கடல் தாண்டிய ஆலயத்தில் நாச்சிமுத்து மயிலாத்தாளோடு முத்திரிக்கப்பட்டார். அதை எழுதிய அன்று, பதிவு வந்த சூட்டோடு சுடுதண்ணியின் வரியும் வந்தது: "பஸ் வந்து சேந்துருச்சா? மயிலாத்தாளை நான் கேட்டதாச் சொல்லு. புறாவுக்குத் தண்ணி வைக்கணும், சீக்கிரம் வந்து சேரு."

வைதவன் வாயாலேயே தன் அடியாருக்குச் சாட்சி சொல்லவைத்தான் இறைவன். தண்ணீர் சுமந்த அந்தத் தோள் வாழ்க!