எருக்கம்பாடியில் வைத்த குடம்

அரசன் தப்பியோடிய பிறகு மூன்றாற்று நாட்டில் ஐந்து ஆண்டுகள் போர் நடந்தது. சமவெளியில் தளபதி கோவரையனின் படை. மலையில் கடம்பனின் படை. இரு பக்கமும் களைத்துப்போனபின் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஓராண்டு காலம் கோவரையன் நாட்டைக் காப்பான். பிறகு ஊர்தோறும் குடம் வைக்கப்படும். மக்கள் ஓலையில் பெயர் எழுதிப் போட்டு ஒரு நாட்டுச் சபையைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தச் சபை இரண்டு படைகளையும் கலைத்துவிடும்.

நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன.

முதல் தடவை மழை என்று சொல்லிக் கோவரையன் குடம் வைக்கும் நாளைத் தள்ளினான். அடுத்த தடவை, கடம்பனின் ஆட்கள் ஒரு சுங்கச்சாவடியைத் தாக்கிவிட்டார்கள் என்றான். அதற்குப் பிறகு காரணம் சொல்வதையும் விட்டுவிட்டான்.

ஆற்றின் நடுவே இருந்த திட்டில் சேந்தி அம்மையின் மடம் இருந்தது. போர்க்காலத்தில் அடிபட்டு வந்தவர்களை எந்தப் பக்கம் என்று கேட்காமல் அவர் கிடத்தி மருந்திட்டார். கோவரையன் தொடையில் அம்பு தைத்து நாற்பது நாள் அங்கே கிடந்தவன். அவரைவிடப் பத்து வயது மூத்தவன். ஆனாலும் அன்று முதல் அவனுக்கு அவர்தான் குரு.

ஒரு நாள் காலை அவன் மடத்துக்கு வந்தான். அக்கரையில் இருநூறு வீரர்கள் காத்து நின்றார்கள்.

“அம்மை, இந்த மக்கள் எப்போதுதான் பக்குவப்படுவார்கள்?”

“எந்த மக்கள்?”

“எருக்கம்பாடிக்காரர்கள். நான் நாள் குறிப்பதற்கு முன்பே தங்கள் ஊர்ச் சபைக்கென்று ஒரு குடத்தை வைத்துவிட்டார்கள். இன்று ஓலை போடுகிறார்கள். இதை விட்டால் நாளைக்கு எல்லா ஊரும் வைக்கும். அந்தக் குழப்பத்தில் கடம்பன் இறங்குவான். குடத்தைப் பறித்து வரத்தான் போகிறேன்.”

“அந்த ஊருக்கு நீ முன்பே போயிருக்கிறாய்.”



போரின்போது எருக்கம்பாடிக் களஞ்சியத்தில் கடம்பனின் நெல் இருந்தது. கொளுத்தச் சொன்னவன் கோவரையன். உள்ளே பதினொரு பேர் ஒளிந்திருந்தார்கள். அவர்களின் கூக்குரல் அவன் காதில் விழுந்தது. கதவைத் திறக்கச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அந்தக் குரல் அவனுக்குக் கேட்டது வேறு யாருக்கும் தெரியாது. அதை, மடத்தில் கிடந்தபோது காய்ச்சலில் பிதற்றியிருந்தான்.

அம்மை எழுந்து கம்பை எடுத்துக்கொண்டு அவனோடு அக்கரைக்கு வந்தார்.

“வா, நாம் இருவரும் போவோம். படை இங்கேயே நிற்கட்டும். வாளும் இங்கேயே இருக்கட்டும்.”

துணைத்தளபதி தத்தன் பதறினான். “தலைவரே, வேண்டாம். உங்களைப் பிடிக்காத ஊர் அது.”

 கோவரையன் வாளை அவிழ்த்துத் தத்தனிடம் கொடுத்தான்.

எருக்கம்பாடியில், அன்று எரிந்து கூரை இழந்த களஞ்சியத்துக்குள்தான் குடத்தை வைத்திருந்தார்கள். சுவர்களில் கரி இன்னும் போகவில்லை. குடத்தின் அருகே மாறாயி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருந்தது.

தளபதியைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருவன் இடுப்பிலிருந்த அரிவாளை உருவிக்கொண்டு முன்னால் வந்தான்.

“வரிசையில் நில்லு,” என்றாள் மாறாயி. “உன் முறை இன்னும் வரவில்லை.”

அவன் முறைத்தபடியே திரும்பிப் போய் நின்றான்.

கோவரையன் குடத்தைப் பார்த்தான். “யார் பெயரை எழுதுகிறீர்கள்?”

“எண்ணினால்தான் தெரியும்.”

“கடம்பனின் ஆள் ஒருவன் வந்துவிட்டால்?”

“வரட்டும். சரியில்லை என்றால் அடுத்த ஆண்டு வேறு பெயர் எழுதுவோம். நாட்டுச் சபைக்கு எப்போது நாள் குறிக்கப்போகிறீர்கள்?”

“சபை வந்தால் என்ன செய்வதாக இருக்கிறீர்கள்?”

“முதலில் உங்களைத்தான் கூப்பிடச் சொல்வேன்.”

“எதற்கு?”

மாறாயி பக்கத்துச் சுவரில் கையை வைத்தாள்.

“என் வீட்டுக்காரரும் இரண்டு பெண் பிள்ளைகளும் இதற்குள்ளேதான் இருந்தார்கள். அவர்கள் கத்தியது உங்களுக்குக் கேட்டதா என்று தெரிய வேண்டும். இத்தனை நாளாக அதைக் கேட்பதற்கு எனக்கு ஓர் இடம் இல்லை.”

“கேட்ட பிறகு?”

“சபை முடிவு செய்யும். நான் ஒருத்தி முடிவு செய்வதென்றால் சபை எதற்கு? அதோ, அவன் கையிலிருக்கும் அரிவாள் போதுமே.”

சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள். ஒரு கிழவர் ஓலையைக் குடத்துக்குள் விட்டார். அதற்குமேல் யாரும் தளபதியைக் கவனிக்கவில்லை.

திரும்பி ஆற்றங்கரை வந்ததும் கோவரையன் சொன்னான்.

“நாளைத் தள்ளியதற்கு மழை காரணம் இல்லை, அம்மை. கடம்பனும் இல்லை.”

“தெரியும்.”

“தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?”

“நீ மக்களுடைய பக்குவத்தைப் பற்றியல்லவா கேட்டுக்கொண்டிருந்தாய்?”

தத்தன் ஓடிவந்து வாளை நீட்டினான். கோவரையன் வாங்கவில்லை.

“அறுவடை முடிந்து வரும் முதல் பௌர்ணமி. எல்லா ஊரிலும் குடம் வைக்க வேண்டும். இன்றே முரசு அறையச் சொல்.”

“தலைவரே, கடம்பன்?”

“அவனுக்கும் ஆள் அனுப்பு. நம் படை முதலில் ஆயுதத்தைக் கீழே வைக்கும் என்று சொல்.”

தத்தன் அம்மையைப் பார்த்தான், தளபதியைப் பார்த்தான். பிறகு வீரர்கள் இருந்த பக்கம் நடந்தான். சற்று நேரத்தில் முதல் குதிரை புறப்பட்டது. இனி சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது.

கோவரையன் மணலில் உட்கார்ந்தான்.

“அம்மை, சபை என்னை உயிரோடு விடுமா?”

“தெரியாது.”

“நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாமல் ஒரு மனிதன் எப்படி நாட்களைக் கழிப்பான்?”

“எருக்கம்பாடியில் போய்க் கேள்,” என்றார் அம்மை. “நான்கு ஆண்டாக உன் கீழே அப்படித்தான் கழிக்கிறார்கள்.”