வாலை மிதித்த கரடி

மூங்கில் காட்டில் ஓர் உடும்பு மயில் முட்டையைத் திருடித் தின்றது. விலங்குகள் அதைப் பிடித்துப் பாறைக் குகையில் அடைத்தன. காவலுக்கு ஒரு கரடி.

உடும்பு தப்பி ஓடப் பார்க்கவில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கொடியால் கட்டுண்டு சும்மாதான் படுத்திருந்தது. ஆனாலும் ஒருநாள் கரடி அதன் வாலை மிதித்து எலும்பை நொறுக்கிவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, பொழுது போகவில்லை என்றதாம். என்ன கொழுப்பு பாருங்கள்!

வால் இல்லாமல் உடும்பால் நரியைக்கூட அடித்து விரட்ட முடியாது. இந்தக் கரடியே காவலில் இருந்தால் அடுத்தது தன் உயிர்தான் என்று அது பயந்தது. நீதிபதி யானையிடம் முறையிட்டது.

கரடி கொஞ்சமும் அசரவில்லை. அந்தக் காட்டில் காவலர்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. ஒரு செயல் தவறு என்று முன்பே தீர்ப்பு வந்திருந்தால்தான் அவர்களைத் தண்டிக்கலாம்.

"போன கோடையில் ஓர் அணிலின் காலை மிதித்த காவலரைத் தண்டித்தீர்கள். அது கால், இது வால். வாலை மிதிக்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றது கரடி.

யானை பழைய தீர்ப்புகளையெல்லாம் யோசித்துப் பார்த்தது. வாலைப் பற்றி ஒன்றுமே இல்லை. சரி, வழக்கைத் தள்ளிவிடலாம் என்று தும்பிக்கையைத் தூக்கியது.

உடும்பு நிதானமாகக் கேட்டது: "ஐயா, எனக்கு முன்னால் தண்டனை பெற்ற கீரி தின்றது கௌதாரி முட்டை. நான் தின்றது மயில் முட்டை. அதைத் தொடக் கூடாது என்று எனக்கும்தான் யாரும் சொல்லவில்லை. என்னையும் விட்டுவிடுவீர்களா?"

கூட்டத்தில் இருந்த மயிலுக்குப் பொறுக்கவில்லை. எந்த முட்டையாக இருந்தால் என்ன, திருட்டு திருட்டுதானே என்று கத்தியது.

"அதானே! இதைக்கூடவா ஒருவர் சொல்லித்தர வேண்டும்?" என்று கரடியும் சேர்ந்துகொண்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது.

யானை தும்பிக்கையை இறக்கியது. "நீயே சொல்லிவிட்டாய். கட்டுண்டு கிடப்பவனை நொறுக்குவது தவறு என்று உனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை" என்றது.

கரடியின் காவல் வேலை போயிற்று. வால் ஆறும்வரை உடும்புக்கு இரை தேடிக் கொடுப்பதும் அதன் தலையில் விழுந்தது. உடும்பு மிச்சத் தண்டனையை அனுபவிக்கத் தானாகவே குகைக்குத் திரும்பியது. இப்போது அதற்குப் பயமில்லை.

அடைபட்டவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய நியாயம், அவனைக் காவல் காப்பவனுக்கும் தெரிந்திருக்கத்தான் வேண்டும்.