அயிரை மீனும் ஆளில்லாத நாற்காலிகளும்

எங்கள் குடும்பத்துக்கு அறிவு குறைவு என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். குறைவு என்று சொல்வதற்குக் கொஞ்சமாவது இருக்க வேண்டும் அல்லவா?

வேப்பங்குளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மெஸ் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே அயிரை மீன் குழம்பு. எங்கள் அண்ணன் சங்கிலிமுத்து மூன்று வருஷமாக அந்தக் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடச் சாப்பிட்டதில்லை. "அதைச் சாப்பிடாம நான் சாகமாட்டேன்" என்பார். அதனாலேயே மதினி அவரை அங்கே போகவிடவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் முடிந்த பிறகுதான், இனிப் பரவாயில்லை என்று சம்மதித்தார்.

அண்ணனின் ஆபீஸ் சிநேகிதர் ஆறுமுகநயினார் விவரம் தெரிந்தவர். "அங்க சும்மா போனா எடம் கிடைக்காது. சாப்பிடுத ஆளுக்குப் பின்னால போயி நின்னுக்கிடணும். அவர் எந்திரிச்சதும் உக்காந்துரணும்" என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணன், மதினி, என் மனைவி பேச்சி, நான் என நாலு பேரும் பதினொன்றரைக்கே போய் இறங்கிவிட்டோம். மெஸ்ஸில் ஈ, காக்கை இல்லை.

அண்ணன் முகம் வாடிவிட்டது. "இருபது நாற்காலி கெடக்கு. சாப்பிட ஒரு ஆள் இல்லையே. யாருக்குப் பின்னால நிக்க?"

"உள்ள வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்றார் சப்ளையர் தேவசகாயம்.

"ஆள் வரட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணன் வாசல் வெயிலில் நின்றார். நாங்களும் நின்றோம்.

பன்னிரண்டு மணிக்கு மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் வந்தார். அவர் முன்னால் இலை விழுந்ததுதான் தாமதம், நாலு பேரும் அவர் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்றோம்.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்னவே வேணும்?"

"உங்க எடம்தான்" என்றார் அண்ணன் பணிவாக. "நீங்க நல்லா மென்னு சாப்பிடுங்க."

அதற்குப் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

தேவசகாயத்துக்குப் பொறுக்கவில்லை. "பக்கத்துல நாற்காலி சும்மாதான கெடக்கு?"

"அதுல ஆளே இல்லையே தம்பி. யார் எந்திரிச்சு எங்களுக்கு எடம் விடுவா?"

தேவசகாயம் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு கூட்டம் வந்தது. காலி நாற்காலிகளில் எல்லாம் ஆட்கள் உட்கார்ந்து அயிரையை வாங்கி வாங்கிச் சாப்பிட்டார்கள். "ஆளுக்கு ஒருத்தர் பின்னால பிரிஞ்சு நிப்போமா?" என்று பேச்சி மெதுவாகக் கேட்டாள்.

"குடும்பமா வந்துட்டுத் தனித்தனியா நின்னா பாக்கவங்க என்ன நெனைப்பாங்க?" என்றார் அண்ணன். பேச்சிக்கு வெட்கமாகிவிட்டது.

ஒருவழியாக மஞ்சள் சட்டைக்காரர் எழுந்தார். அண்ணன் உட்கார்ந்தார். தேவசகாயம் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். "இதான் கடைசி அயிரை. உங்களுக்குன்னு எடுத்து வச்சேன்."

அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. கிண்ணத்தை எடுக்கப் போனவர், பின்னால் நின்ற எங்களைப் பார்த்துவிட்டார். "ஆள் நிக்கும்போது எப்படிச் சாப்பிட?" என்று எழுந்து மதினிக்கு இடம் விட்டார். புருஷன் நிற்க மதினி சாப்பிடுவாரா? எனக்கு விட்டார். அண்ணன் நிற்க நான் சாப்பிடுவேனா? பேச்சிக்கு விட்டேன். அவள் மறுபடி அண்ணனுக்கு விட்டாள். இப்படி மூன்று சுற்று. கூட்டம் கலைந்து, மெஸ்ஸே காலியாகிவிட்டது. குழம்பில் ஆடை படிந்துவிட்டது.

நாலு பேரும் ஒரே சமயத்தில் நாற்காலியை விட்டு விலகி நின்றபோது, காலையிலிருந்து நின்ற காலில் நின்ற தேவசகாயம் வந்தார். "அண்ணாச்சி, சாப்பிடப் போறீங்களா, இல்லையா?"

"எடம் கிடைக்கட்டும் தம்பி."

தேவசகாயம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சோற்றைப் போட்டு, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நாங்கள் சட்டென்று அவர் பின்னால் போய் நின்றுகொண்டோம். வேறு ஒருவரும் போட்டிக்கு இல்லை. அண்ணனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். குனிந்து அவர் காதருகே சொன்னார்: "நல்லா வழிச்சுச் சாப்பிடுங்க தம்பி. அடுத்தது நாங்கதான்."