வெல்டன் மாளிகைக் காகம்

பறவைகள் பேசினால் மனிதர்களுக்குப் புரிந்த காலம் அது. இங்கிலாந்தில் வெல்டன் என்றொரு பிரபுக் குடும்பம் இருந்தது. பிரபுப் பட்டம் அரசர் கொடுத்தது; அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும், மகளுக்குக் கிடையாது. யார் போட்ட சட்டமோ, போட்டவருக்கு மகளே இருந்திருக்க மாட்டாள்.

கடைசிப் பிரபுவுக்கு ஒரே மகள், வினிஃப்ரெட். அவர் காலமானதும் அரசரின் தூதர் குதிரையில் வந்து இறங்கினார். வாசலில் நின்று மூன்று முறை, "வெல்டன் பிரபு இருக்கிறாரா?" என்று கூப்பிடுவது வழக்கம். அந்த வீட்டில் பிறந்த ஆண் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பட்டமும் போகும், வீட்டையும் பூட்டிவிடுவார்கள்.

இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. வினிஃப்ரெட் அப்பாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதில் உட்கார்ந்துதான் அவர் அவளுக்கு ஆப்பிள் நறுக்கித் தருவார். தோலைப் புகைபோக்கியில் கூடு கட்டியிருந்த காகத்துக்குப் போடுவார். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

தூதர் மூன்றாம் முறை கூப்பிட்டார்.

"இருக்கேன்!" என்று புகைபோக்கியிலிருந்து குரல் வந்தது.

தூதர் அண்ணாந்து பார்த்தார். "காக்கையா? உன்னை யாரு கூப்பிட்டது?"

"இந்த வீட்டுலதான் பொறந்தேன். ஆம்பளைதான். வேற என்ன வேணும்?"

தூதர் சிரித்துக்கொண்டே சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சிரிப்பு அடங்கிவிட்டது. மனிதனாக இருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை.

"அரசர் முன்னால மண்டியிடாம பட்டம் கிடையாது. உன்னால அது ஆகாது. அதனால பட்டம் இன்னியோட சரி," என்றார். "ஆனா பதில் வந்த வீட்டை நான் பூட்ட முடியாது. நீ இருக்கிறவரைக்கும் அந்தப் பொண்ணும் இருக்கலாம். ஒரு நாள் நீ ஊரைவிட்டுப் போனாலும் பூட்டு விழும்."

அப்போதெல்லாம் குளிர் வந்தால் காகங்களும் தெற்கே பறந்துவிடும். கூட்டம் கிளம்பத் தயாராக நின்றது.

"நீயும் போயிடு. பனியில செத்துப்போவே," என்றாள் வினிஃப்ரெட்.

"நீ அடுப்பை மூட்டு, போதும்," என்றது காகம்.

அவள் ஒவ்வொரு குளிர்காலமும் மூட்டினாள். காகத்துக்கு வயதானதும் காவல் அதன் பிள்ளைகளுக்குப் போனது, பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். கிழவியாகிவிட்ட வினிஃப்ரெட்டின் அடுப்பிலிருந்து ஒருநாள் புகை வரவில்லை. "இனி நீங்க போகலாம்" என்று காகங்களிடம் சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை.

அன்றிலிருந்துதான் எவ்வளவு பனி கொட்டினாலும் அவை பாழடைந்த மாளிகைகளை விட்டுப் போவதில்லை. வாசலில் யார் வந்து நின்றாலும் மேலேயிருந்து பதில் சொல்கின்றன.