ஒரு கல்லைக்கூடப் புரட்டாத விருந்தாளிகள்

"வந்ததும் வந்தாக, ஒரு கல்லக்கூடப் புரட்டிப் பாக்கலையே. நம்ம வீட்டுச் சாப்பாடு இவுகளுக்குத் தொண்டையில எறங்காது போல."

பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ யாரிடமோ சொன்னது, இந்தப் பக்கம் காற்றுக்கு ஒண்டி நின்றிருந்த பவளக்காலியின் காதில் விழுந்தது. சொன்னது யாரென்று எட்டிப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் 'சாப்பாடு' என்ற சொல் அவளை நகரவிடவில்லை.

பறவைக்குப் பறவை பேச்சு புரிந்த அந்தக் காலத்தில், உள்ளான் என்னும் சின்னக் கரைப்பறவைகள் வடக்கே பனி விழத் தொடங்கியதும் தெற்கே கிளம்பிவிடும். ஆற்று முகத்துவாரத்துச் சேற்றுத் திட்டுதான் அவற்றின் குளிர்கால வீடு. அங்கே புழு பூச்சியெல்லாம் சேற்றின் மேலேயே கிடக்கும். நடந்துகொண்டே கொத்திக்கொள்ளலாம். அந்த வருடம் பாதி வழியில் பெருங்காற்று ஒன்று பிடித்துக்கொண்டு, பவளக்காலி இருந்த கூட்டத்தை நடுக்கடலில் இருந்த ஒரு கல் தீவில் கொண்டுவந்து போட்டது.

பவளக்காலி கூட்டத்தில் இளையவள். கால் இரண்டும் பவள நிறம். அவள் நாலு பேர் நடுவில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. கண் மட்டும் சும்மா இருக்காது. மற்றவர்கள் இறக்கையை உலர்த்திக்கொண்டு அலுத்துக் கிடந்தபோது, அவள் தீவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினாள்.

மேற்கே செங்குத்தான கரும்பாறை. அதன் அடியில் ஒரு குகை. அலை உள்ளே போய், பாறையின் உச்சந்தலையில் இருந்த ஓட்டை வழியாக வெள்ளையாகப் பீய்ச்சியடித்தது. வடக்கே கடல் உள்வாங்கியபோது விட்டுப்போன குட்டைகள். ஒன்றில் பாசி பச்சைப் பட்டாக விரிந்திருந்தது, இன்னொன்றில் ஊதா முள்ளோடு ஏதோ உருண்டைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. கிழக்குச் சரிவில் தாழைகள் வேரை வெளியே நீட்டிப் பாறையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றன. தெற்குக் கரை முழுக்க உருண்டைக் கற்கள். அலை பின்வாங்கும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசி, அரிசி களைவது போல ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்காகவே அவள் அங்கே வெகுநேரம் நின்றாள். இவ்வளவு அழகான ஊரை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் எங்கேயும் வாயில் போட எதுவும் அகப்படவில்லை. பாறையில் ஒட்டியிருந்த சிப்பிகளைக் கொத்தி அலகு வலித்ததுதான் மிச்சம்.

கூட்டத்துக்கு மூத்தவள் வானத்தாள். எல்லோருக்கும் அவள் அத்தை. பட்டினி நீண்டுகொண்டே போனதும், அன்று அந்தி சாய்வதற்குள் கிளம்பிவிடுவது என்று அத்தை முடிவு செய்திருந்தாள். கரை இன்னும் வெகு தூரம். பவளக்காலியின் தங்கை சின்னி இறக்கையைத் தூக்கவும் தெம்பில்லாமல் பாறை இடுக்கில் கிடந்தாள். கிளம்பினால் அவள் கடலில் விழுவாள். அது எல்லோருக்கும் தெரியும்.

சின்னியை நினைத்துக்கொண்டே பவளக்காலி பாறையைச் சுற்றி வந்தாள். அங்கே சாம்பல் நிறக் கரைக்கொக்குகள் இரண்டு நின்றிருந்தன. கணவன் பெயர் பாறையான், மனைவி நீலி. தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவுக்காரர்கள். பேசிக்கொண்டிருந்தது நீலிதான்.

"சாப்பாடு எங்கே இருக்கு?" என்று பவளக்காலி கேட்டாள். அந்நியர்களிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

நீலி கழுத்தை நீட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏ பிள்ள, அதுக்கு மேலயே நின்னுக்கிட்டு எங்கேன்னா கேக்குற?"

பவளக்காலி குனிந்து தன் காலடியைப் பார்த்தாள். கல்தான் இருந்தது.

பாறையான் நிதானமாக எடுத்துச் சொன்னான். இந்தத் தீவின் வெயிலும் காற்றும் திறந்து கிடக்கும் எதையும் விட்டுவைக்காது. அதனால் இங்கே உணவெல்லாம் கல்லுக்கு அடியில், ஈரத்தில்தான் இருக்கும். விருந்தாளி தானே கல்லைப் புரட்டி வேண்டியதைச் சாப்பிட வேண்டும். வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் கடலைப் பார்த்து நிற்பார்கள். விருந்தாளிக்கு எடுத்துக் கொடுப்பது, உனக்கு அலகு இல்லையா என்று கேட்பதற்குச் சமம். உள்ளான்கள் வந்த நாளாக இருவரும் கடலைப் பார்த்து நின்று கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஒரு கல்லும் புரளவில்லை. நீலிக்கு மனசு விட்டுப்போயிற்று.

பவளக்காலிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் முட்டியது. வடக்கே உள்ளான்கள் முட்டையிட்டுப் பாசியால் மூடி வைத்துவிட்டுத்தான் இரை தேடப் போகும். அதனால் மூடியிருக்கும் எதையும் தொடக் கூடாது என்பது அவர்கள் கூட்டத்தின் சட்டம்.

"எங்க ஊர்ல மூடினதைத் திறந்தா முட்டைத் திருடின்னு பேர் வரும்," என்றாள்.

"பசியில செத்தா என்ன பேரு வரும்?" என்று கேட்டாள் நீலி.

பவளக்காலி திரும்பிப் போய், கூட்டத்தின் நடுவில் நின்று, கேட்டதையெல்லாம் சொன்னாள். குரல் முதலில் நடுங்கியது, போகப் போகச் சரியாயிற்று. எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். கரும்பட்டையன் என்று ஒரு குறும்புக்காரன் இருந்தான். பட்டினியிலும் அவனுக்கு வாய் ஓயவில்லை. "பவளக்காலிக்குப் பேச்சு வந்துடுச்சு. இனிமே இந்தத் தீவே எழுந்து பறந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்," என்றான். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

வானத்தாள் அத்தை சிரிக்கவில்லை. போன கோடையில் அவள் இரை தேடிவிட்டுத் திரும்பியபோது, அவள் கூட்டில் பாசி விலகிக் கிடந்தது. நான்கு முட்டை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. திறந்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது.

"என் கூட்டைத் திறந்தவளும் பசியிலதான் திறந்திருப்பா," என்றாள் அத்தை. "எல்லாத் திருட்டுக்கும் ஒரு பசி இருக்கு. கல்லைப் புரட்டறவ யாரா இருந்தாலும் என்கூடப் பறந்து வர வேண்டாம்."

வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பாறை இடுக்கில் சின்னி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சாய்த்துக்கொண்டாள்.

பவளக்காலி தெற்குக் கரைக்கு நடந்தாள். எல்லோருக்கும் நன்றாகத் தெரியும்படி, உருண்டைக் கற்களுக்கு நடுவில் கிடந்த ஒரு தட்டைக் கல்லின் முன்னால் போய் நின்றாள். தூரத்தில் நீலியும் பாறையானும் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"அத்தை, உங்க கூட்டைத் திறந்தவ யாரும் இல்லாத நேரம் பார்த்துத் திறந்தா. நான் நீங்க பார்க்கும்போது திறக்கறேன். வீட்டுக்காரங்களும் இங்கேயே நிக்கறாங்க."

சொல்லிவிட்டு அலகைக் கல்லுக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். அசையவில்லை. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, கழுத்தைத் தாழ்த்தி, நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினாள். கல் எழும்பி, ஒரு கணம் விளிம்பில் நின்று, அந்தப் பக்கம் புரண்டது.

அடியில் மணல் கறுப்பாக, ஈரமாக இருந்தது. கண்ணாடி போன்ற பூச்சிகள் நாலு பக்கமும் துள்ளின. செந்நூல் போலப் புழுக்கள் நெளிந்தன. அரிசி மணி அளவு நத்தைகள் கூட்டமாக ஒட்டியிருந்தன. பாசியும் உப்பும் கலந்த ஒரு வாசனை எழும்பி, கரையில் நின்றவர்களின் தொண்டையை நனைத்தது.

பவளக்காலி ஒன்றைக்கூடத் தொடவில்லை. சின்னியைக் கூப்பிட்டாள். கரும்பட்டையன் சின்னிக்குத் தோள் கொடுத்து அழைத்து வந்தான். சின்னி முதல் பூச்சியைக் கொத்தினாள். முதலில் உப்பு கரித்தது. பிறகு பாசியின் குளிர்ச்சி. கடைசியில் நாக்கின் அடியில் ஒரு இனிப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டு அடுத்ததைத் தேடினாள்.

வானத்தாள் அத்தை மெல்ல நடந்து வந்தாள். புரண்ட கல்லின் அடியை வெகுநேரம் பார்த்தாள். கூடு இல்லை. யாரும் பாதுகாத்து வைத்ததற்கான அடையாளமும் இல்லை. நிமிர்ந்து கொக்குகளைப் பார்த்தாள். அவர்கள் முதுகைக் காட்டியபடியே நின்றிருந்தார்கள். அலை பின்வாங்கி, கற்கள் உரசி, அரிசி களையும் சத்தம் கேட்டது. சின்னி ஒரு இறக்கையை விரித்து உதறி மடக்கிக்கொண்டாள்.

அத்தை நாலடி தள்ளி, இன்னும் பெரிய கல் ஒன்றின் முன்னால் போய் நின்றாள். அலகைக் கொடுத்தாள். நெம்பினாள். கல் இடம் கொடுக்கவில்லை.

"பவளக்காலி," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "அந்தப் பக்கம் வந்து நீயும் நெம்பு."

இருவரும் சேர்ந்து புரட்டிய அந்தக் கல்லில் தொடங்கியதுதான், கல்திருப்பி உள்ளான்கள் பனிக்காலம்தோறும் பாறைக் கரைகளுக்கு வந்து, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கக் கல் கல்லாகப் புரட்டுவதும், பெரிய கல்லுக்கு இரண்டு பேராக அலகு கொடுப்பதும், அவை சாப்பிடும்போது கரைக்கொக்கு கடலைப் பார்த்து நிற்பதும்.